அத்தையின் பெட்டி ஏன் திருச்சிக்குப் போகவில்லை?

ஏர்போர்ட் சாஃப்ட்வேர் பற்றிய எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இந்த வாரம் எழுதித் தீர்த்துவிடுகிறேன். ரெண்டு விமானம், ரெண்டு தனித்தனி புக்கிங். முதல் ஊரில் கொடுக்கிற பெட்டி, நடுவில் நாம் கையே வைக்காமல் கடைசி ஊருக்குப் போய்ச் சேருமா?

சுருக்கமான பதில்: பெரும்பாலும் போகாது. ஏன் போகாது என்பதில்தான் விஷயமே இருக்கு. எனக்கு அந்தப் பாடத்தை நடத்தியது என் அத்தையின் பெட்டி.

மிங்கலாடோன் கவுண்டரில்

போன தை மாசம். புதுக்கோட்டையில் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். யாங்கோனில் இருக்கிற எங்கள் குடும்பத்தின் சார்பாக அத்தைதான் போகிறார். வயது 68. மியன்மார் பாஸ்போர்ட். தனியாக விமானம் ஏறுவது முதல் தடவை. டிக்கெட் போட்டது மெல்போர்னில் பிறந்து வளர்ந்த அவருடைய பேத்தி. உங்களில் பலருடைய வயசுதான். பாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிற பொண்ணு.

யாங்கோனிலிருந்து நடுவில் ஒரு பெரிய நகரம், அங்கிருந்து திருச்சி. ஒரே தளத்தில் தேடி, ஒரே தடவை கார்டில் பணம் கட்டி, ஒரே ஈமெயிலில் பயணத் திட்டமும் வந்துவிட்டது. "மாமா, பாட்டிகிட்ட சொல்லிடுங்க. பெட்டி நேரா திருச்சி போயிடும், நடுவுல எடுக்க வேண்டாம்" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் வேறு.

என் வீடு கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து நடக்கிற தூரம். முந்தின நாள் ராத்திரி அத்தை இங்கேதான் தங்கினார். பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். கல்யாணப் பொண்ணுக்கு அமரபுராவில் நெய்த பட்டு, தனாக்கா கட்டை, ஊறவைத்த தேயிலை, நாலு பாட்டில் பலாச்சாங். அடியில், பத்திரமா இருக்கட்டும் என்று அத்தையே வைத்த ஒரு மாசத்துக்கான பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்.

காலையில் விமான நிலையத்தில் கவுண்டர் பெண் திரையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "ஆண்ட்டி, நடுவில் இறங்குற ஊர் வரைக்கும்தான் டேக் போட முடியும். அங்கே இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் பண்ணணும். அந்த நாட்டு விசா இருக்கா?"

அத்தையிடம் இந்திய விசா மட்டும்தான் இருந்தது.

நான் வாதாடிப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே பாஸ்போர்ட், ரெண்டு விமானத்துக்கும் டிக்கெட் கையில் இருக்கு, அப்புறம் என்ன? அவள் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். "சார், எனக்கு அந்த ரெண்டாவது விமானம் தெரியவே இல்லை."

பத்து வருஷமா டேட்டாபேஸோடு குப்பை கொட்டுறவன் நான். அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. ஃபாரின் கீ இல்லாத ரெண்டு டேபிள். ரெண்டிலும் அத்தை பேர் இருக்கு. ஆனால் அந்த ரெண்டு பேரும் ஒரே ஆள் என்று எந்த சிஸ்டத்துக்கும் தெரியாது.

டேக்கில் என்ன இருக்கிறது?

பெட்டியில் ஒட்டுகிற நீளக் காகிதத்தை அடுத்த தடவை கொஞ்சம் உற்றுப் பாருங்க. பெரிசா மூன்று எழுத்தில் ஊர்க் குறியீடு இருக்கும். யாங்கோனுக்கு ஆர்ஜிஎன், அதாவது ரங்கூன். சென்னைக்கு எம்ஏஏ, அதாவது மெட்ராஸ். ஊர்ப் பேர்களை நாம் மாற்றிவிட்டோம், டேக்கில் இன்னும் தாத்தா காலத்து ஊர்கள்தான் ஓடுகின்றன. திருச்சி டிஆர்இசட். திருவனந்தபுரம் டிஆர்வி. கடைசி எழுத்தில் ஒரு சின்னத் தவறு நடந்தால் பெட்டி கேரளா பார்த்துட்டு வரும்.

பார்கோடுக்குக் கீழே பத்து இலக்க எண். அதில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் சேர்ந்து டேக் போட்ட விமான நிறுவனத்தின் எண். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, மலேசியா ஏர்லைன்ஸ் 232, தாய் ஏர்வேஸ் 217, ஏர் இந்தியா 098. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். அவ்வளவுதான். உங்கள் பேரோ, பாஸ்போர்ட் எண்ணோ, எந்த விமானம் என்பதோ அந்த பார்கோடில் கிடையாது. அது வெறும் சாவி. விவரமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

டேக் அச்சாகும் அதே நேரத்தில், செக்-இன் சிஸ்டம் ஒரு சின்னச் செய்தியை அனுப்புகிறது. பேகேஜ் சோர்ஸ் மெசேஜ், சுருக்கமா பிஎஸ்எம். ஜேசன், எக்ஸ்எம்எல் எல்லாம் இல்லை. டெலிபிரிண்டர் காலத்துப் பாணியில், புள்ளி வைத்து ஒரு எழுத்தில் தொடங்கும் வரிகள். ஒரு வரியில் டேக் எண், ஒன்றில் பயணி பேர், ஒன்றில் புறப்படும் விமானம், இன்னொன்றில் அதற்கு அடுத்த விமானம். மாறும் ஊரில் பெல்ட்டில் ஓடும் பெட்டியை ஸ்கேனர் படித்ததும், பெட்டிகளைப் பிரிக்கும் இயந்திரம் இந்தச் செய்தியைத் தேடி எடுத்து, "இது இந்த விமானத்துக்கு" என்று தள்ளிவிடும். செய்தி இல்லாவிட்டால், நல்ல டேக் ஒட்டிய பெட்டிகூட இயந்திரத்தைப் பொறுத்தவரை ஊர் பேர் தெரியாத பெட்டி.

அந்த "அடுத்த விமானம்" வரி எங்கிருந்து வருகிறது? உங்கள் டிக்கெட்டிலிருந்து. மின் டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் எண்தான். அந்த ஒரு எண்ணுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன் இருக்கும். யாங்கோன் கவுண்டரில் முதல் கூப்பனைத் திறக்கிறபோதே ரெண்டாவதும் கண்ணில் படும். ரெண்டு நிறுவனங்களுக்கும் இன்டர்லைன் ஒப்பந்தம் இருந்தால், முதல் நிறுவனமே கடைசி ஊர் வரைக்கும் டேக் போடும். பெட்டி எங்கே தொலைந்தால் யார் பொறுப்பு, செலவை யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள்.

பல பட்ஜெட் விமானங்களில் இந்த 13 இலக்க எண்ணே கிடையாது. ஆறு எழுத்து பிஎன்ஆர் மட்டும்தான். அது அவர்கள் சிஸ்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். அடுத்த நிறுவனம் கைபிடித்துத் தொடர அங்கே கைப்பிடியே இல்லை. அதனால்தான் ஏர் ஏஷியா தன் "ஃப்ளை-த்ரூ" சேவையை ஒரே புக்கிங்குக்குள் வைத்திருக்கிறது. அப்படிப் போட்டால் கோலாலம்பூரில் பெட்டியை எடுக்கவும் வேண்டாம், இமிக்ரேஷன் தாண்டவும் வேண்டாம். அதே ரெண்டு விமானத்தைத் தனித்தனியா வாங்கினால் அந்தச் சலுகை இல்லை.

அந்த "முடியாது"வுக்குப் பின்னால் 329 உயிர்கள்

"கவுண்டர்ல கொஞ்சம் அழுத்திக் கேட்டா போட்டுத் தருவாங்க" என்று சொல்கிறவர்கள் நிறைய. நானும் அன்றைக்கு அழுத்திக் கேட்டவன்தான். இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆகணும். கனடாவில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

1985 ஜூன் 22, வான்கூவர் விமான நிலையம். டொரண்டோ போகும் விமானத்துக்கு ஒருவர் செக்-இன் செய்ய வந்தார். டொரண்டோவிலிருந்து இந்தியாவுக்கான ஏர் இந்தியா இருக்கை அவருக்கு உறுதியாகவில்லை, காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தது. பெட்டியை நேராக இந்தியாவுக்கு டேக் போடச் சொன்னார். முடியாது என்றார் ஊழியர். அவர் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் டேக் போடப்பட்டது. பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. டொரண்டோவில் அந்தப் பெட்டி ஏர் இந்தியா விமானத்துக்கு மாறியது. மறுநாள், ஜூன் 23, அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேலே 182-ஆம் எண் விமானம் வெடித்துச் சிதறியது. 'கனிஷ்கா' என்று பெயரிட்ட விமானம். அதிலிருந்த 329 பேரும் இறந்தார்கள். அதே நாள், வான்கூவரிலிருந்தே போன இன்னொரு பெட்டி டோக்கியோவின் நரிட்டாவில் வெடித்தது. பெட்டி மாற்றிக்கொண்டிருந்த ரெண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

கனடா அரசு அமைத்த நீதிபதி ஜான் மேஜர் ஆணையம் 2010-ல் தந்த அறிக்கையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. 1988 டிசம்பர் 21-ல் லாக்கர்பியில் 270 பேரைக் கொன்ற குண்டும், நீதிமன்றத் தீர்ப்பின்படி, கூட ஆள் வராமல் விமானம் மாறி மாறி வந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது.

பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் பறக்கக் கூடாது என்ற விதி சர்வதேச விமானங்களில் இறுகியது இப்படித்தான். இன்றைக்கு ஏதாவது ஒரு விமானம் தாமதமாகி, "வராத பயணியின் பெட்டியை இறக்குகிறோம்" என்று அறிவிப்பு வந்தால் எரிச்சல்படாதீங்க. பெட்டியையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்க பிஎஸ்எம் செய்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரெண்டாவது விமானத்தில் என் அத்தை ஏறினாரா என்று முதல் நிறுவனத்துக்குத் தெரிய வழியில்லை என்றால், அந்தப் பெட்டியை அது ஏன் அனுப்பணும்?

இதோடு காசுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஒன்வேர்ல்ட் கூட்டணியில் ஒரு காலத்தில் தனித்தனி டிக்கெட் இருந்தாலும் உறுப்பு நிறுவனங்களுக்குள் பெட்டியை இணைத்து அனுப்புவது வழக்கம். 2016 ஜூனில் அது கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டார்கள். சில நிறுவனங்கள் இன்றும் செய்து தருகின்றன. அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை.

விசா என்ற இன்னொரு கதவு

பேத்தி அன்றைக்குப் போனில் அழுதுகொண்டே சொன்னது இது: "நான் என் பாஸ்போர்ட்ட நினைச்சுப் போட்டுட்டேன் மாமா."

இந்த மடலைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கனடியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நமக்குத் தனித்தனி டிக்கெட் என்பது கொஞ்சம் அலைச்சல். வெளியே வந்து, பெட்டியை எடுத்து, ஒரு காபி குடிச்சிட்டு, திரும்ப உள்ளே போவோம். இந்திய, இலங்கை, மியன்மார் பாஸ்போர்ட்டோடு வருகிற அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதே "வெளியே வந்து" என்பது பல சமயம் விசா கேட்கும் நாட்டு எல்லை. பெட்டி வரும் பெல்ட் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கு. விமான நிறுவனங்கள் இதைக் கவுண்டரிலேயே டிமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் பார்த்துவிடும். விசா இல்லாமல் ஏற்றி விட்டால் அபராதமும் திருப்பி அனுப்பும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் பெட்டிப் பிரச்சினையில் ஆரம்பித்து ஆளையே ஏற்றாமல் விடுவதும் நடக்கும்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டியைக் கையால் எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. கொல்கத்தா வழியாகச் சென்னை என்றால், வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறுகிறீர்கள். பொதுவாக கொல்கத்தாவிலேயே பெட்டியை எடுத்து சுங்கம் தாண்டணும். அமெரிக்காவிலும் பொதுவாக முதலில் இறங்கும் ஊரில் அப்படித்தான். அங்கே அந்த நாட்டு விசா ஏற்கெனவே கையில் இருக்கும், அதனால் அலைச்சலோடு போகும்.

டிக்கெட் போடும் முன்

பிஎன்ஆரைப் பார்க்காதீங்க, டிக்கெட் எண்ணைப் பாருங்க. ஒரே பில், ஒரே ஈமெயில் என்பதால் ஒரே டிக்கெட் ஆகிவிடாது. ரெண்டு விமானமும் ஒரே 13 இலக்க எண்ணின் கீழ் இருக்கணும். பட்ஜெட் விமானம் என்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே புக்கிங்கில், பெட்டி கடைசி ஊர் வரை போகும் என்று எழுத்தில் இருக்கணும். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று பொடி எழுத்தில் எங்காவது இருந்தால், பெட்டியைத் தூக்குவது நீங்கள்தான் என்று அர்த்தம்.

விமான நிலையமே மாறுகிறதா என்று பாருங்க. பாங்காக்கில் சுவர்ணபூமி ஒன்று, டோன் முவாங் ஒன்று. ரெண்டும் நகரத்தின் வெவ்வேறு மூலை. கோலாலம்பூரில் டெர்மினல் 1, 2 நடுவில் ரயில். சாங்கியில் டெர்மினல் 4-க்கு ஸ்கைட்ரெயின் போகாது, பஸ்தான். தனித்தனி டிக்கெட்டில் பெட்டியோடு இதையெல்லாம் தாண்டுவது ஒரு பாட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்க. நான் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைப்பதில்லை.

முதல் விமானம் தாமதமானால் யார் பொறுப்பு என்று யோசிங்க. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. தனித்தனி என்றால் ரெண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டி தொலைந்தாலும் இதே கதை. மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணத்தில், பெட்டிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். ஒரே பயணமாக ஒப்பந்தம் ஆகியிருந்தால் முதல் நிறுவனத்திடமோ கடைசி நிறுவனத்திடமோ கேட்கலாம். தனித்தனி என்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

எடையையும் பாருங்க. முதல் விமானத்தில் 30 கிலோ, ரெண்டாவதில் 20 கிலோ என்றால் உங்களுக்கு உண்மையில் இருப்பது 20 கிலோதான்.

கவுண்டரில் டேக்கைப் படிங்க. கடைசி ஊர்க் குறியீடு சரியா இருக்கா? ஒட்டுச் சீட்டைப் பத்திரமா வைங்க, டேக்கோடு பெட்டியைப் போட்டோ எடுங்க. பழைய டேக்குகளைக் கிழிச்சுப் போடுங்க, ஸ்கேனர் தப்பான பார்கோடைப் படிச்சிடும். ஏர்டேக் வைப்பது நல்லதுதான், ஆனால் அது பெட்டி எங்கே கிடக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பிஐஆர் என்ற புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்குங்க. சேதம் என்றால் 7 நாள், தாமதம் என்றால் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்கணும்.

மாத்திரை, நகை, பத்திரம் எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. இதை அத்தையிடம் முந்தின நாள் ராத்திரியே நான் சொல்லியிருக்கணும். பெட்டியைக் கட்டினவன் நான்.

அப்புறம் என்ன ஆச்சு?

வழி சொன்னது அந்தக் கவுண்டர் பெண்தான். "செக்-இன் பெட்டியே இல்லேன்னா, ரெண்டாவது விமானத்துக்கு போர்டிங் பாஸும் கையில இருந்தா, ஆண்ட்டி வெளியே வர வேண்டியதில்லை. உள்ளேயே மாறிக்கலாம்."

நான் போனில் ரெண்டாவது விமானத்துக்குச் செக்-இன் செய்து, ஓடிப்போய் பிரிண்ட் எடுத்து வந்தேன். அதற்குள் அத்தை தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிட்டார். மாத்திரை, பட்டு, மாற்றுப் புடவை ரெண்டு. கைப்பைக்கு ஏழு கிலோதான். பலாச்சாங் பாட்டில்கள் கைப்பையில் போகாது. தனாக்கா கட்டையைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளேயே வைத்தார். "விடு தம்பி, கல்யாணத்துக்கு ஆளு போனா போதும்" என்றார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பயந்தால் அவர் அப்படித்தான்.

பெட்டியோடு டாக்சி பிடித்து நான் கியாக்டடா திரும்பினேன். ராத்திரி திருச்சியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார், வந்து சேர்ந்துட்டா என்று. மெல்போர்னுக்கு நான் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு அழுகை எமோஜிதான் வந்தது. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொண்ணு மிச்சம் பிடித்தது எழுபது டாலர்.

ஒரு மாசம் கழித்து அத்தை திரும்பி வருவதற்கான டிக்கெட்டையும் அவள்தான் போட்டாள். அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 13 இலக்க எண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். அத்தை மிங்கலாடோனில் இறங்கியபோது, திருச்சி தெப்பக்குளம் பக்கம் வாங்கின புதுப் பெட்டி பெல்ட்டில் வந்தது. டேக்கில் பெரிசா ஆர்ஜிஎன். பழைய டேக்கைக் கிழிச்சிடுங்க அத்தை என்றேன். கிழித்தார், ஆனால் தூக்கிப் போடவில்லை. மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

என் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்த பழைய பெட்டியை அன்றைக்குத்தான் திறந்தோம். பலாச்சாங் ரெண்டு பாட்டில் குறைந்திருந்ததை அத்தை உடனே கவனித்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டிக் கதை இருக்கும். வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடலாம். அதுக்கு முன்னாடி, அம்மா அப்பாவுக்குப் போட்டு வைத்திருக்கிற டிக்கெட்டை ஒரு தடவை திறந்து அந்த எண்ணைப் பார்த்துடுங்க.